இடுகாட்டுக்குக் கொண்டுபோன சோறு

மலாயாவில் புக்கிட் ரம்பாய் பக்கத்தில் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதிய கிராணியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் அறிவித்த அவசரகாலத்தில், நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டிருந்தார்கள். காட்டில் ஒளிந்திருப்பவர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடுமாம், அதனால் கேட்டைத் தாண்டி ஒரு பிடி சோறு கொண்டுபோகக் கூடாது. காவல்காரரோடு நின்று எங்கள் தூக்குச்சட்டிகளைத் திறந்து மோந்து பார்ப்பவர் இந்தக் கிராணிதான். படித்த மனிதருக்கு ரொம்பப் பிடித்த வேலை.

அந்த மனிதருக்குத் திடீரென்று யுரேனியப் பித்துப் பிடித்தது. எங்கிருந்தோ ஒரு பெட்டியைக் கொண்டுவந்து பழைய இடுகாட்டு மேட்டில் வைத்தார். மண்ணுக்குள் யுரேனியம் இருந்தால் சத்தம் போடுமாம் அது; டிக் டிக் என்றது. அன்றிலிருந்து அவர் நடையே மாறிவிட்டது. தோண்டும் உரிமை கேட்டு நில ஆபீசில் மனுவும் போட்டுவிட்டார். அந்த மேட்டில்தான் என் மூத்த பெண் கிடக்கிறாள். காய்ச்சலில் போனவள், பேச்சு வராத வயது.

லயமே எதிர்த்தது. கோயில் தலைவர் எல்லோரிடமும் கைநாட்டு வாங்கிக்கொண்டு மலாக்கா டவுனுக்குப் போனார். ஜனங்கள் வந்து போகிற இடுகாடு என்றால் தோண்ட விடமாட்டோம், கைவிட்ட இடம் என்றால் தடையில்லை என்றார்கள் ஆபீசில். கம்பி போட்ட பிறகு பிணங்களை ரோட்டோரத்தில் புதைக்கச் சொல்லியிருந்ததால், மேட்டில் புதுக் குழி எதுவும் இல்லை. கிராணிக்கு அது போதும். யாரும் ஒரு படையல்கூடப் போடுவதில்லை என்று பார்வையிட வந்த அதிகாரியிடம் சத்தியம் பண்ணினார். எங்கள் படையல் சோற்றைக் கேட்டில் பிடுங்கிக் கொட்டியவர் சொல்கிறார் இதை.

மகள் போன நாள் வந்தது. ஆத்திரத்தில் எனக்குக் கண் மண் தெரியவில்லை. சோறும் முட்டையும் இலையில் கட்டி மடியில் செருகிக்கொண்டு கேட்டுக்கு நடந்தேன். கிராணியே பிடித்துக் கொடுத்தார்.

கோர்ட்டில் நீதிபதி, இந்தச் சோறு காட்டுக்காரர்களுக்கா என்று துபாசி மூலம் கேட்டார். சாட்சிக் கூண்டில் நின்ற கிராணிக்குத் தன் பெருமையைக் காட்ட இதைவிட நல்ல இடம் கிடைக்குமா?

"இவங்க வழக்கமெல்லாம் எனக்குத் தெரியும்லா துவான். வருசா வருசம் அந்த மேட்டு இடுகாட்டுலதான் படைக்கப் போவாங்க. எத்தன பேர நானே கேட்ல புடிச்சிருக்கேன்."

எனக்குச் சில வாரம் சிறை. அந்தச் சாட்சியத்தின் நகலைத் தலைவர் நில ஆபீசில் கொடுத்தார், கிராணியின் மனு தள்ளுபடியானது.

நான் திரும்பி வந்தபோதும் அவர் அதே கேட்டில்தான் நின்றார். மறுநாள் வேலைக்குப் போகையில் என் காலித் தூக்குச்சட்டியைத் திறந்து பார்த்தார். நன்றாகப் பார்க்கட்டும் என்று காட்டினேன். என் பிள்ளை மேட்டிலேயே இருந்தாள்.