சிந்தாமணிக்கு ஒரு சீட்டு

என் ஓரகத்தி சிந்தாமணியைப் போல ஒரு பிடிவாதக்காரியைப் பெரம்பலூரில் சல்லடை போட்டுத் தேடினாலும் கிடைக்காது. எங்கள் வீட்டு மூத்த மருமகள் அவள், இளையவள் நான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளோடு மல்லுக்கட்டியே எனக்குத் தொண்டை வற்றிவிட்டது. ஆனால் வேறு யாராவது அவளை ஒரு சொல் சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவளுக்கு வெங்காய மண்டியில் தரம் பிரிக்கிற வேலை. அது முடிந்தால் தெரு வேலை. சாக்கடை அடைத்தால் நகராட்சி ஆபீஸ் வாசலில் போய் நிற்பாள். யாருக்காவது உதவித்தொகை நின்றுபோனால் தாலுகா ஆபீசுக்கு அலைவாள். எங்கள் மகளிர் குழுவுக்கும் அவள்தான் தலைவி. தேர்தல் வந்தால் கட்சிக்காக நோட்டீஸ் கொடுப்பதும் பூத்தில் உட்காருவதும் அவளே. கவுன்சிலர் சீட்டு மட்டும் வேறு எவனுக்காவது போய்விடும்.

இந்த முறை எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். “மலரு, இந்தத் தடவ நமக்குத்தாண்டி” என்றாள். அவள் தனக்கென்று வாய்விட்டு ஆசைப்பட்டு அன்றுதான் பார்த்தேன்.

கட்சிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? யாருக்குச் சீட்டு என்று வார்டு மக்களே ஆன்லைனில் சொல்லட்டும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க் அனுப்பினார்கள். அதில் இரண்டே பெயர்கள். ஒன்று சிந்தாமணி, இன்னொன்று பூங்குழலி. பூங்குழலி காண்ட்ராக்டர் இளவரசனின் மனைவி. எங்கள் தெரு எந்தப் பக்கம் என்றே அவளுக்குத் தெரியாது. பிடித்த பெயரைத் தொட்டு, நம் போன் நம்பரைப் போட்டால் ஓ.டி.பி. வரும். அதையும் போட்டால்தான் கணக்கில் சேரும். சனிக்கிழமை சாயங்காலத்தோடு முடிந்துவிடும்.

எங்கள் தெருப் பெண்களில் முக்கால்வாசிப் பேரிடம் பட்டன் போன்தான். அதனால் அன்று காலையில் என் போனை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். நம்பரைச் சொன்னார்கள். ஓ.டி.பி. வந்ததும் போனை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார்கள்!

“சொல்லுடி, அதப் போட்டாத்தான் அக்காவுக்குச் சேரும்.”

“அட போ மலரு. பெத்த ஆத்தா கேட்டாலும் சொல்லக் கூடாதுன்னு ஒன் அக்காதான எங்ககிட்ட சத்தியம் வாங்குச்சு?”

உண்மைதான். குழுவில் ஒருத்தி, பேங்கிலிருந்து பேசுவதாகச் சொன்ன எவனிடமோ ஓ.டி.பி.யைச் சொல்லி, மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்ததைப் பறிகொடுத்தாள். அதிலிருந்து ஒவ்வொரு கூட்டத்திலும் சிந்தாமணி இதையே ஓதிக்கொண்டிருந்தாள்.

நேராக மண்டிக்குப் போனேன். “அக்கா, நீ ஒரு வார்த்த சொல்லு. ஒனக்குன்னா சொல்லுவாளுவ.”

பக்கத்தில் வெங்காயம் பிரித்துக்கொண்டிருந்த எங்கள் தெருக் காத்தாயி முதல் ஆளாகத் தன் நம்பரைச் சொன்னாள். அவள் போன் கத்தியதும் அதை அப்படியே சிந்தாமணியிடம் நீட்டினாள். “எனக்குப் படிக்கத் தெரியாது. நீயே பாத்துப் போட்டுக்க தாயி.” மற்ற பெண்களும் தங்கள் போனை எடுத்தார்கள்.

சிந்தாமணி வாங்கக் கை நீட்டினாள். பிறகு இழுத்துக்கொண்டாள்.

“வேண்டாங்க்கா. உள்ள வைங்க.”

“அடிப்பாவி, ஒனக்குத்தானடி!” என்றேன்.

“எனக்குன்னாலும் கூடாது. இன்னைக்கு எனக்குச் சொல்லிட்டா, நாளைக்கு சிந்தாமணி அனுப்புனான்னு எவனாவது வருவான். அவனுக்கும் சொல்லுவாங்க.”

கூறுகெட்டவளே என்று அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன். அவள் குனிந்து மறுபடியும் வெங்காயம் பிரிக்க ஆரம்பித்தாள்.

சீட்டு பூங்குழலிக்குப் போனது. மற்ற தெருக்களில் இளவரசனின் ஆட்கள் எல்லோருடைய போனையும் வாங்கித் தாங்களே பதிந்துகொண்டார்களாம். “சொந்தத் தெருவுலயே அந்தம்மாவுக்கு ஆளில்ல” என்று கட்சி ஆபீசில் சிரித்திருக்கிறார்கள். சீட்டு போனதைத் தாங்கிக்கொண்டவள் இதைத் தாங்கவில்லை. அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். நானும் அவளைத் திட்டிக்கொண்டே அழுதேன்.

விஷயம் தெரிந்து காத்தாயி தெருப் பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

“ஏ சிந்தாமணி, ஓட்டுப் போடுற மிஷினு ஓ.டி.பி. கேக்குமா?”

“கேக்காதுக்கா.”

“அப்பறம் என்ன? தனியா நில்லு. ஆளிருக்கா இல்லையான்னு நாங்க காட்டுறோம்.”

“கட்சிய வுட்டுட்டா?” என்றாள் சிந்தாமணி.

“அவனுவ ஒன்ன வுட்டுட்டானுவளே!” என்றேன்.

அவள் எழுந்துபோய் முகத்தைக் கழுவிவிட்டு வந்து, எல்லோருக்கும் டீ போட்டாள்.

அவளிடம் இருக்கிற நல்ல சேலைகள் எல்லாமே கட்சிக்கரை போட்டவை. மறுநாள் வேட்புமனு கொடுக்கக் கிளம்பும்போது என்னிடம் வந்து, கட்டிக்கொள்ள ஒரு சேலை கேட்டாள்.