கடைசிப் பதினாறு பக்கங்கள்

நான் துறைமுகத்தில் கயிறு பிடிக்கிறவன். கப்பல் ஜெட்டியில் அணையும்போது மேலிருந்து எறியும் கயிற்றைப் பிடித்து இரும்புக் குற்றியில் மாட்டுவது என் வேலை. ஒரு கப்பலுக்கும் அடுத்த கப்பலுக்கும் இடையில் நெடுநேரம் காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருந்த நேரங்களில் கொப்பியில் எழுதியவைதான் பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கான என் மூன்று விஞ்ஞான நாவல்களும். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் விண்வெளியை எழுதுவது என்னோடு வேலை செய்பவர்களுக்குப் பகிடி.

"என்ன ரொக்கெட், இண்டைக்குச் சந்திரனோ செவ்வாயோ?"

சிரித்துவிட்டுக் குனிந்துகொள்வேன். நான் அறிய விரும்பியது ஒன்றே ஒன்று. ஒரு பிள்ளையாவது என் கதையைக் கடைசிவரை வாசித்ததா? அதை யாரிடமும் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

மூன்றாவது நாவலில், பூமியைச் சுற்றும் நிலையமொன்றில் பதினைந்து வயதுப் பெண்ணொருத்தி தனியே வளர்கிறாள். எங்கள் துறைமுகத்திலிருந்து ஒரு குரல் மட்டும் தினமும் வானொலியில் அவளோடு பேசுகிறது. கடைசியில் அந்தக் குரலைத் தேடி அவள் கீழே இறங்குகிறாள். அந்த இறுதிப் பகுதியை எழுத நான்கு மாதம் பிடித்தது. ஏழு தடவை கிழித்தெறிந்தேன்.

அதன் வெளியீட்டு விழா எங்கள் ஊர் ஓர்ஸ் ஹில்லில் ஒரு மண்டபத்தில் நடந்தது. விளக்கேற்றி, முதற்பிரதி கொடுத்து, பிறகு ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி மேடைக்கு அழைத்துச் சிறப்புப் பிரதி கொடுத்துப் படம் எடுத்தார்கள். ஆய்வுரை செய்த ஓய்வுபெற்ற அதிபர், முடிவை வாசித்தபோது தன் கண் கலங்கியதாகச் சொன்னார். அன்று வீட்டுக்கு எப்படி நடந்து வந்தேன் என்று தெரியாது.

அச்சான என் புத்தகத்தை நான் வாசிப்பதில்லை. எழுத்துப் பிழை கண்ணில் பட்டுவிடுமோ என்ற பயம். பிரதிகளைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டேன்.

ஒரு வருடத்துக்கு மேலான பிறகு, வாசிப்பு மாதத்துக்காக ஒரு பாடசாலையிலிருந்து கூப்பிட்டார்கள். நூலகத்துக்குப் பொறுப்பான ஆசிரியை என்னை ஒரு கண்ணாடி அலுமாரியின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

"எங்கட ஊர் எழுத்தாளர் எல்லோ, சேர். உங்கட புத்தகங்களைத் தனியாப் பூட்டி வச்சிருக்கிறம். பிள்ளையளின்ர கையில குடுத்தா ஊத்தையாக்கிப் போடுவாங்கள்."

மூன்றாவது நாவலை வெளியே எடுத்து, முடிவை வாசித்துக் காட்டச் சொன்னார். எழுதியவரின் வாயால் கேட்டால் பிள்ளைகளுக்கும் ஆசை வரும் என்றார்.

பத்தாம் வகுப்பு. நாற்பது முகங்கள். தலையை நிமிர்த்தாமல் வாசித்தேன். வகுப்பு அமைதியாகிவிட்டது. "கலத்தின் கதவு திறந்தது. மங்கிய வெளிச்சத்தில் அவளுக்காகக் காத்துக்கொண்டு" என்ற இடத்தில் பக்கம் முடிந்தது. திருப்பினேன். "முதலாம் அத்தியாயம்" என்று சத்தமாகவே வாசித்துவிட்டேன்.

புத்தகம் பதினாறு பதினாறு பக்கங்களாகத்தான் அச்சாகிக் கட்டப்படும். கடைசிப் பதினாறுக்குப் பதிலாக முதல் பதினாறையே திரும்பவும் வைத்துக் கட்டியிருந்தார்கள்.

நான் பக்கங்களைப் புரட்டிக்கொண்டு நின்றேன்.

"திரும்ப முதல்ல இருந்தோ, சேர்?" கடைசி வாங்கிலிருந்து ஒருவன் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள்.

முன்வரிசைப் பிள்ளை ஒன்று மட்டும் சிரிக்கவில்லை. "அங்கால சொல்லுங்கோ, சேர். ஆர் நிண்டது?"

"ஒரு மெஷின்."

"மெஷினோ?"

"ஓம். கப்பலுக்குக் கயிறு மாட்டுற மெஷின். சனமெல்லாம் எப்பவோ போயிட்டுது. அதுதான் இவ்வளவு நாளும் கதைச்சது."

"அவ்வளவுதானோ?"

சொல்வதற்கு நான்கு மாதம் எழுதியது இருந்தது. வாய் வரவில்லை.

"ஓம்," என்றேன்.

வீட்டில் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு பிரதியாகப் பார்த்தேன். எல்லாம் ஒன்றுபோல், முடிவு இல்லாமல். ஆய்வுரை செய்த அதிபர் மேல் கோபம் வரவில்லை. புத்தகம் அவர் கைக்குப் போனது விழாவுக்கு முதல்நாள் பின்னேரம், பசை காயாமல். பின்னட்டைக் குறிப்பைத்தான் பார்த்திருப்பார். அவர் மட்டுமா? மேடையேறிப் பிரதி வாங்கிய அத்தனை பேரும்தான்.

அச்சகத்துக்குப் போன் எடுத்தேன். கணினியில் இருந்ததை அழித்துவிட்டார்களாம். நான் கொடுத்திருந்த கையெழுத்துக் கொப்பியும் எங்கே போனதென்று தெரியவில்லையாம். பேசியவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார்.

"ஒரு வருசமா ஒருத்தரும் சொல்லேல்லையே, அண்ணன்!"

அந்த முடிவை மறுபடி எழுத இப்போது ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். கதவு திறப்பதுவரை வருகிறது. அதற்குப் பிறகு, அந்தப் பிள்ளைக்குச் சொன்ன நாலு வரிதான் வருகிறது. வேறொன்றும் இல்லை. அவ்வளவுதான் என்று நானும் நினைக்கத் தொடங்கிவிட்டேன்.