தொண்ணூற்றெட்டு டிகிரியும் சரோஜா சிஸ்டரும்

கேமிங் லேப்டாப் ரிப்பேர் செய்கிறவனுக்கு வருடம் முழுக்கச் சித்திரை மாதம்தான். ஸ்க்ரூ டிரைவரோடு காலம் தள்ளுகிற நண்பர்களே, உங்கள் விரல் நுனிக்கும் அது தெரியும். பீளமேட்டில் கல்லூரிப் பிள்ளைகளை நம்பி நடந்த ஒரு சின்ன சர்வீஸ் கடையில் நானும் ஆறு வருடம் வெந்தேன். முன்னால் நின்று பேசுவது நான், உள்ளே கழற்றி மாட்டுவது ஸ்டெல்லா. அந்தக் கடையை நினைக்காத வாரம் இல்லை. நினைத்தாலே முதலில் வந்து நிற்பவர் சரோஜா சிஸ்டர்.

காய்ச்சல் இல்லை

சிஸ்டருக்கு ஊர் கருமத்தம்பட்டி. முப்பது வருடம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். மகன் கோகுல் வேலைக்காக ஜெர்மனி போனபோது விட்டுச்சென்ற கேமிங் லேப்டாப்பைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். ஞாயிறு தவறாமல் அம்மாவும் மகனும் அதில் கார் பந்தயம் விளையாடுவார்களாம். போனில் சாப்பாட்டை விசாரித்து இரண்டே நிமிடத்தில் முடிகிற பேச்சு, பந்தயத்தில் ஒரு மணி நேரம் ஓடுமாம். இப்போது பாதிப் பந்தயத்தில் லேப்டாப் அணைந்துவிடுகிறது.

கேமை ஓடவிட்டு வெப்பத்தைப் பார்த்தேன். பிராசஸர் தொண்ணூற்றெட்டு. நான் உதட்டைப் பிதுக்கினேன். சிஸ்டர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு திரையை எட்டிப் பார்த்தார்.

"தொண்ணூத்தெட்டு நார்மல் தானுங்க தம்பி. காய்ச்சலே இல்லையே."

பஞ்சு

உங்கள் தெர்மாமீட்டரில் இருப்பது ஃபாரன்ஹீட், இது செல்சியஸ், இன்னும் இரண்டு டிகிரி ஏறினால் தண்ணீரே கொதிக்கும் என்று விளக்கினேன். பதறிப்போனார். ஸ்டெல்லா அடிமூடியைக் கழற்றினாள். சிஸ்டர் வீட்டை ஒட்டித் தறிக் கொட்டகையாம். ஃபேன் முழுக்கப் பஞ்சு அடைத்து, காற்று போக வழியே இல்லை. சிப்பின் சூட்டை வெளியே கடத்துகிற பேஸ்ட்டும் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. சுத்தம் செய்து புதுப் பேஸ்ட் வைத்ததும் எண்பத்தெட்டுக்கு இறங்கியது.

கேமிங் லேப்டாப்புக்கு அது நல்ல அளவுதான். நான் வாயை மூடிக்கொண்டு கொடுத்தனுப்பியிருக்கலாம். மறுபடி புகாரோடு வந்துவிடக் கூடாதே என்று, விளையாடும்போது வெப்பம் திரை மூலையிலேயே தெரியும்படி வைத்து, தொண்ணூறைத் தொட்டால் உடனே நிறுத்திவிடுங்கள் என்று கறாராகச் சொல்லிவைத்தேன். அவரும் இரண்டு முறை சொல்லிப் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டார். ஸ்டெல்லாவோ எடுத்த பஞ்சை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்கண்ணா, இதுல கார்த்திகைக்கு வேணுங்கிற திரியெல்லாம் திரிச்சுப்போடலாமுங்க."

சார்ட்

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிறு காலை, லேப்டாப்போடு ஒரு நோட்டையும் கொண்டுவந்தார் சிஸ்டர். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை வெப்பத்தைக் குறித்து, வார்டு சார்ட் மாதிரியே கோடு போட்டிருந்தார். எல்லாப் பக்கங்களும் தொண்ணூறில் நின்றன. கால் மணி நேரத்தில் அந்த எண் வந்துவிடுமாம், உடனே அப்புறம் பார்க்கலாம் என்று மகனிடம் சொல்லி அணைத்துவிடுவாராம். அம்மாவுக்கு அலுத்துவிட்டது என்று நினைத்து, இரண்டு வாரமாக அவன் விளையாடக் கூப்பிடவே இல்லை.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. விளையாடும்போது பிராசஸர் தொண்ணூறைத் தாண்டிவிட்டு வருவது சாதாரணம், கிராபிக்ஸ் சிப் எண்பத்தைந்துக்குள் இருந்தால் நிம்மதி, சூடு அதிகமானால் லேப்டாப் தானே வேகத்தைக் குறைக்கும், அதற்கும் அடங்காவிட்டால் தானே அணையும் என்று உண்மையைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. ஸ்டெல்லாதான் லேப்டாப்பைக் கவுண்டரிலேயே வைத்து, கோகுலைக் கூப்பிடச் சொன்னாள். தூக்கக் குரலில் வந்தான். பந்தயம் தொடங்கியது. தொண்ணூறு, தொண்ணூற்றொன்று, தொண்ணூற்றிரண்டு. சிஸ்டரின் விரல் பவர் பட்டனுக்கு நகர்ந்தது. ஸ்டெல்லா ஒரு துண்டுத் தாளை எடுத்து அந்த எண்ணின் மேல் ஒட்டினாள். இன்றைக்கும் நடுவில் போய்விடுவாயா என்று கோகுல் கேட்டது எங்களுக்கும் கேட்டது.

"இல்ல கண்ணு. கடைசி வரைக்கும் இருக்கறேன்."

இப்போது நான் ஒரு கம்பெனியின் சர்வர் அறையில் இருக்கிறேன்; அங்கே எல்லாமே இருபத்திரண்டு டிகிரியில் சுகமாக இருப்பதால், என்னிடம் பேசத்தான் ஒருவரும் வருவதில்லை.