உள்ளே விடாத பதில்

இத்தனை வருடம் கழித்தும் அந்த மேனேஜரை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அதைவிட அதிகமாக என் மேலேயே வருகிறது, அதுதான் பிரச்சினை.

தொண்ணூறுகளின் கடைசி. அம்பத்தூர் எஸ்டேட்டில், ஜெர்மனிக்கு வால்வு அனுப்பும் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. மெயில் எல்லாம் ஒரே ஒரு சர்வர் வழியாகப் போய் வந்தது. மேனேஜர் ஏதோ பத்திரிகையில் ஹேக்கர்களைப் பற்றிப் படித்துவிட்டு, சனிக்கிழமை மதியம் என் மேஜைக்கு வந்து, "எல்லாத்தையும் பூட்டுய்யா" என்றார். எதைப் பூட்டுவது, எதைத் திறந்து வைப்பது என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். வீட்டுக்குப் போகும் அவசரத்தில் எது உள்ளே வரலாம், எது வெளியே போகலாம் என்று சொல்லும் ஃபயர்வால் விதிகளைப் பத்து வரியில் தட்டிவிட்டு, பம்பாய் தலைமை அலுவலகத்துக்கு ஒரு மெயில் அனுப்பிப் பார்த்தேன். போனது. நானும் போய்விட்டேன்.

ஜெர்மனிக்கு மெயிலில் கடிதம் அனுப்புவது ஒரே ஒரு பெண்ணின் வேலை. மற்றவர்கள் எழுதுவதெல்லாம் பம்பாய்க்குத்தான். ஆவடி தாண்டி முத்தாபுதுப்பேட்டையிலிருந்து வருவார். அவர் வீட்டில் சம்பளம் வாங்கும் ஆள் அவர் மட்டும்தான். இரண்டு வருட ப்ரொபேஷன் அந்த மாதம் முடிந்தது. பர்மனென்ட் ஆகிறவர்களின் பட்டியல் பம்பாயிலிருந்து வெள்ளிக்கிழமை வர வேண்டும்.

திங்கட்கிழமை அவர் அனுப்பிய கடிதம் போகவில்லை. முகவரியில் உள்ள பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று சர்வரிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு எச்சரிக்கை வந்தது. மறுபடி அடித்தார். செவ்வாய்க்கிழமை மூன்றாவது தடவை. அதே எச்சரிக்கை. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "சர்வர்ல ஏதாவது கோளாறா?" என்று கேட்டார்.

"சர்வர்ல ஒண்ணுமில்ல சார். பம்பாய்க்குப் போகுதே."

நாற்காலியை விட்டு எழுந்து ஒரு சோதனைகூடச் செய்யாமல் சொன்னேன். எவ்வளவு திமிர் இருந்திருக்க வேண்டும் எனக்கு. அரை மணி நேரத்தில் அந்தப் பெண்ணின் கையில் மெமோ. முகவரியைத் தவறாக அடித்து, கவனக்குறைவாக நடந்துகொண்டாராம். அதை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

"இன்னாண்ணா இது. ரெண்டு வருசமா இதே அட்ரஸுக்குத்தான் அட்சிகினு கீறேன். இப்போ போயி எனக்குப் பேரு அடிக்கத் தெரியலன்றாரு."

"எதுக்கும் இன்னொரு தடவ ஸ்பெல்லிங் பாரும்மா" என்றேன். அவர் மெமோவை மடித்துக்கொண்டு போனார்.

புதன்கிழமை காலையில்தான் சர்வர் முன்னால் ஒழுங்காக உட்கார்ந்தேன். வெளியூர் மெஷின் ஒன்றின் பெயரைக் கொடுத்து இணைக்கச் சொன்னேன். முழித்துக்கொண்டு நின்றது. அதே மெஷினின் இன்டர்நெட் எண்ணைக் கொடுத்தேன். அடுத்த நொடி இணைந்தது. லைன் நன்றாக இருக்கிறது, ஜெர்மனியும் இருந்த இடத்தில்தான் இருக்கிறது, பெயரை எண்ணாக மாற்றுவது மட்டும் நடக்கவில்லை.

அதற்கு எங்கள் சர்வர் வெளியே ஒரு சர்வரிடம் கேட்க வேண்டும். கேள்வி வெளியே போக ஒரு வரி எழுதியிருந்தேன். பதில் உள்ளே வர வரி இல்லை. பத்தாவது வரி, மேலே சொல்லாத எதையும் உள்ளே விடாதே என்றது. எங்கள் கேட்டில் ஒரு வெட்டுக்கருவியைச் சாணை பிடிக்க வெளியே அனுப்பினால்கூட, திரும்பி வரும் என்று கேட் பாஸில் எழுதாமல் விடமாட்டார்கள். இல்லாவிட்டால் திரும்பி வரும்போது வண்டி வாசலிலேயே நிற்கும். தினமும் அதைப் பார்த்துக்கொண்டே உள்ளே வந்தவன் நான். தடுத்தவற்றைக் குறித்து வைக்கும் வசதியையும் டிஸ்க் நிரம்புகிறதென்று நானே நிறுத்தியிருந்தேன். அதனால் எங்கும் ஒரு தடயமும் இல்லை.

பம்பாய்க்கு மட்டும் மெயில் எப்படிப் போனது? பல மாதங்களுக்கு முன்னால் ஏதோ அவசரத்துக்கு பம்பாய் மெஷினின் எண்ணை மட்டும் எங்கள் சர்வரிலேயே கையால் எழுதி வைத்து, மறந்து தொலைத்திருந்தேன். அதற்கு யாரையும் எதையும் கேட்க வேண்டியதில்லை.

விடுபட்ட வரியைச் சேர்த்தேன். நின்றிருந்த மூன்று கடிதங்களும் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. முகவரியில் ஒரு எழுத்து தவறில்லை. நேராக மேனேஜர் அறைக்குப் போனேன்.

"தப்பு என்னுது சார். அந்த மெமோவ வாபஸ் வாங்கிக்குங்க."

"இப்ப மெயில் போகுதில்ல? அப்புறம் என்ன."

"மெமோ சார்."

"அதோட காப்பி நேத்தே பம்பாய்க்குப் போயிடுச்சுய்யா. மெயில்ல அனுப்பினேன்."

தலை நிமிராமல் சொன்னார். மேஜையில் இருந்த பேப்பர் வெயிட்டை எடுத்து எறியலாம் போல இருந்தது. அந்தப் பெண்ணின் கடிதம் ஒன்றுகூட நகராமல் நின்ற நேரத்தில், அவர் மேல் எழுதிய புகார் மட்டும் நான் கையால் திறந்து வைத்த வழியில் ஒரு நிமிடத்தில் போய்ச் சேர்ந்திருக்கிறது.

தவறு என்னுடையது என்று விவரமாக எழுதி நானே பம்பாய்க்கு அனுப்பினேன். யாரும் பதில் போடவில்லை. வெள்ளிக்கிழமை பட்டியல் வந்தது. அதை அச்செடுத்துக் கொடுப்பதும் என் வேலைதான். அவர் பெயர் அதில் இல்லை. கீழே தனியாக, ப்ரொபேஷன் இன்னும் ஆறு மாதம் நீட்டிப்பு என்று இருந்தது.

காகிதத்தை அவரிடம் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார்.

"அட்ரஸு கரெக்டா இருந்துச்சாண்ணா?"

"கரெக்டாத்தான் இருந்தது."

"அத்ததான் நான் அன்னிக்கே உன்னாண்ட சொன்னேன்" என்றார்.