புலிக்கு மாமா போட்ட தரம்

போன மாதம் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தபடியே என் மகள் புலி பார்க்க இடம் பதிவு செய்தாள். ஆதார் எண், செல்பேசிக்கு வந்த ஆறு இலக்கம், பணம். அவ்வளவுதான். நான் ஒரு டம்ளர் மோர் குடித்து முடிப்பதற்குள் நாலு பேருக்கு ஜீப்பில் இடம் கிடைத்துவிட்டது.

"எதுக்காகப் பாக்கப் போறீங்கன்னு கேக்கலையா?" என்றேன்.

"புலிய எதுக்கும்மா பாப்பாங்க?" என்றாள், தலையைத் தூக்காமல்.

முப்பத்திரண்டு வருஷம் அரசு அலுவலகத்தில் கோப்புகளோடு குடித்தனம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். 'நோக்கம்' என்றொரு கட்டம் இல்லாத விண்ணப்பத்தைப் பார்த்தால், உப்புப் போடாத சோற்றைப் பார்த்ததுபோல இருக்கும் எனக்கு. அதுவும் புலி விஷயத்தில் அந்தக் கட்டத்தை எங்கள் குடும்பம் எவ்வளவு ஒழுங்காக நிரப்பியது என்பது, இன்றைக்கு உயிரோடு இருப்பவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

அப்போது எனக்கு எட்டு வயது. ஆம்பூரில் இருந்தோம். டைபாய்டு வந்து ஒன்றரை மாதம் பாயோடு கிடந்தேன். கஞ்சி என்றால் வாயைக் கெட்டியாக மூடிக்கொள்வேன். அம்மா கெஞ்சுவாள், அப்பா அதட்டுவார், ஒன்றும் நடக்காது. அம்மாவுடைய அண்ணன், என் மாமா, கல்யாணம் செய்துகொள்ளாதவர், பக்கத்துத் தெருவில் இருந்தார். தினமும் வேலை விட்டதும் நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வருவார். ஒருநாள் என் பாடப் புத்தகத்தில் இருந்த புலிப் படத்தைப் பார்த்துவிட்டு, "கஞ்சியக் குடி கண்ணு. நீ எழுந்து நடந்தா நெஜப் புலியவே காட்டறேன்" என்றார். குடித்தேன். நடக்க ஆரம்பித்த அன்றே, எப்போது புலி என்று கேட்டேன்.

மாமா தோல் பதனிடும் டேனரி ஒன்றில் தோலைத் தரம் பிரிப்பவர். செலக்டர் என்பார்கள். மேசைமேல் தோலை விரித்து, உள்ளங்கையால் ஒருமுறை தடவி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஓரத்தை ஒரு நிமிண்டு நிமிண்டிப் பார்த்தால் போதும். முள் கீறலா, உண்ணிக் கடியா, சூடு போட்ட தழும்பா என்று சொல்லிவிடுவார். முதல் தரம், இரண்டாம் தரம், மூன்றாம் தரம். வேலை நேரம் முடிந்தாலும் அந்தப் பழக்கம் முடியாது. தெருவில் எதிரே வரும் வெள்ளாட்டுக்கும் ஒரு தரம் சொல்லிவிட்டுத்தான் வழிவிடுவார். உறவில் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையைப் பார்த்து "ரெண்டாம் தரம்" என்று சொல்லி அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். சொன்னது சரிதான் என்று ஆறே மாதத்தில் தெரிந்தது.

ஒரு தடவை, அவசர ஆர்டர் ஒன்றுக்காக இரண்டாம் தரத்தில் நாலு கட்டுத் தோலை முதல் தரத்தோடு சேர்த்துவிடும்படி முதலாளியின் மகன் கேட்டிருக்கிறார். மாமா கையிலிருந்த சாக்கட்டியை மேசைமேல் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை. நாலாம் நாள் முதலாளி பாயே வாசலில் வந்து நின்று, "இன்னா தோஸ்த், கோவம் ஜாஸ்தியா? வா போலாம்" என்று கூட்டிப்போனார். அதன்பிறகு மாமா சொல்லும் தரத்தை யாரும் மறுத்துப் பேசியதில்லை. மாமா தரம் தவற மாட்டார் என்பது எங்கள் வீட்டில், சூரியன் கிழக்கே உதிக்கும் என்பதுபோல ஒரு விஷயம்.

புலிப் பயணத்துக்குத் திட்டம் போடும் பொறுப்பை அப்பா எடுத்துக்கொண்டார். அவர் உயர்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியர். முன்கூட்டியே கடிதம் எழுதாமல் இந்த நாட்டில் எந்தக் காரியத்தையும் தொடங்கக் கூடாது என்ற கொள்கை உடையவர். எந்தக் காடு என்று நான் சொல்லப்போவதில்லை. நீலகிரிப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோப்பு இன்னும் மூடப்படாமல் எங்காவது கிடக்கலாம்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து அப்பா வனத்துறை அலுவலகத்துக்குக் கேள்விகளை வரிசை எண் போட்டு எழுதினார். எந்த மாதங்களில் புலி அதிகம் தென்படும்? எந்த நேரத்தில், எந்த நீர்நிலைக்கு வரும்? நன்கு வளர்ந்த பெரிய புலியைப் பார்க்க வாய்ப்புண்டா? வண்டியை எவ்வளவு அருகில் நிறுத்தலாம்? படித்துப் பார்த்த மாமா, ஒரு முக்கியமான கேள்வி விட்டுப்போயிற்று என்று சொல்லிச் சேர்க்கச் சொன்னார். எந்தப் பருவத்தில் புலியின் தோலும் ரோமமும் மிகச் சிறப்பாக இருக்கும்? காட்டுவது என்று ஆகிவிட்டது, குழந்தைக்கு நல்ல நிலையில் உள்ள புலியாகக் காட்டவேண்டாமா என்பது அவருடைய நியாயம்.

அடுத்தது காகிதம். எங்கள் ஊரில் அப்போது ஒரு வழக்கம் உண்டு. பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கவோ, ஆஸ்பத்திரிக்குச் சிபாரிசுக்கோ, எதற்கானாலும் டேனரியின் லெட்டர்ஹெட்டில் எழுதிக்கொண்டு போனால்தான் மரியாதை. வெறும் தாளில் எழுதினால் எவன் படிப்பான் என்று மாமா கேட்டார். முதலாளி பாய் சந்தோஷமாக ஒரு தாள் கொடுத்தார். அங்கிருந்த டைப்பிஸ்டே அடித்தும் கொடுத்தார். தாளின் மேலே ஆட்டுத் தலை படம். அதன்கீழ் கொட்டை எழுத்தில்: பச்சைத் தோல், பதனிட்ட தோல் வாங்குவோர், ஏற்றுமதி செய்வோர். அடியில் மாமாவின் கையெழுத்தும், தரம் பிரிப்பவர் என்ற பதவியும், கம்பெனி முத்திரையும், பதிலுக்கு எங்கள் வீட்டு விலாசமும்.

புலியைக் கொல்வதும் அதன் தோலை விற்பதும் குற்றம் என்று சட்டம் வந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. அப்பா தினமும் ஒரு வரி விடாமல் செய்தித்தாள் படிப்பவர். இந்தத் தாளில் இப்படியொரு கேள்வி போகலாமா என்று அவருக்கும் தோன்றவில்லை. வெளியூர்க்காரர்கள் ரயிலில் ஆம்பூர் வந்ததும் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். எதற்கென்று எங்களுக்கு விளங்காது. எங்கள் மூக்குக்கு அந்த வாடை எப்படியோ, அப்படித்தான் எங்கள் கண்ணுக்குத் 'தோல்' என்ற எழுத்தும்.

பதில் தபாலில் வரவில்லை. ஓர் ஆளாக வந்தது.

வெள்ளைச் சட்டை, பணிவான பேச்சு, கையில் சின்ன நோட்டு. காட்டு ஆபீசிலிருந்து வருகிறேன் என்றார். ஒரு கடிதத்துக்கு நேரிலேயே ஆள் அனுப்பி விவரம் சொல்கிறார்களே என்று அப்பா நெகிழ்ந்துபோனார். லெட்டர்ஹெட்டின் மகிமை என்று மாமா கண்ணாலேயே சொன்னார். அம்மா காபி கொடுத்தாள். வந்தவர் மாமாவின் வேலையைப் பற்றி மெதுவாகக் கேட்டார். மாமாவுக்கு அதைவிடப் பிடித்த பேச்சு கிடையாது.

"ஆடு, மாடு, எருமை, கன்னுக்குட்டி, எல்லாத் தோலும் பாத்துட்டேன் சார்" என்றார். "கை படாதது புலி ஒண்ணுதான்."

நோட்டில் ஓடிக்கொண்டிருந்த பேனா நின்றது. பிறகு முன்னைவிட வேகமாக ஓடியது. என் பங்குக்கு நானும், மாமா தொட்டுப் பார்த்தாலே அது என்ன விலைக்குப் போகும் என்று சொல்லிவிடுவார் என்றேன். வந்தவர் என்னைப் பார்த்துச் சிரித்து, அதையும் எழுதிக்கொண்டார். அப்பாவின் கையிலிருந்த காபி அப்போதுதான் சட்டையில் சிந்தியது.

அவர் போனபிறகு அப்பா மாமாவைப் புறக்கடைக்கு அழைத்துப்போய் வெகு நேரம் தாழ்ந்த குரலில் பேசினார். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா முதலில் சிரித்தார். அப்புறம் சிரிப்பதை நிறுத்திவிட்டு, துணி துவைக்கும் கல்மேல் உட்கார்ந்தார். கடைசியில் அவர் சொன்னது மட்டும் என் காதில் விழுந்தது.

"போகலன்னா நெஜமாவே வேற எதுக்கோ கேட்டோம்னு ஆயிடும் மாப்ள. கொழந்தைகிட்ட வேற சொல்லிட்டேன்."

பத்து நாளில் அனுமதி வந்தது. அனுமதி மட்டுமா? எங்களுக்கென்று தனி ஜீப். வழிகாட்ட வனத்துறை ஆட்களே கூட வருவார்கள் என்று எழுதியிருந்தது. பிற்காலத்தில் நானே ஒரு கோப்பில், 'வசதி செய்து தருவதுபோல் உடன் ஆள் அனுப்பவும்' என்று குறிப்பு எழுத நேர்ந்தது. அப்போதுதான் அந்த வாசகத்தின் அழகு எனக்குப் பிடிபட்டது. எட்டு வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம், என் மாமாவுக்கு அரசாங்கத்தில் இவ்வளவு செல்வாக்கு இருக்கிறது என்பதுதான். வகுப்பில் எல்லோரிடமும் சொன்னேன்.

ரயிலில் கோயம்புத்தூர், அங்கிருந்து பஸ், ஊட்டியில் இன்னொரு பஸ். அம்மா புளிச்சோறும் எனக்கு ஸ்வெட்டரும் கொடுத்துவிட்டு, தனக்குப் புலி வேண்டாம் என்று வீட்டிலேயே தங்கிவிட்டாள். மறுநாள் விடிந்ததும் ஜீப் வந்தது. எங்கள் வீட்டுக்கு வந்தவரே காக்கிச் சட்டையில் முன்னால் உட்கார்ந்திருந்தார். பின்னால் எங்களோடு இரண்டு காவலர்கள். மற்றவர்கள் ஒரு பழைய வேனில் இருபது பேராக நெருக்கியடித்துக்கொண்டு எங்களைக் கடந்துபோனார்கள். மந்திரி மகளைப்போல அவர்களுக்குக் கையசைத்தேன்.

இரண்டு மணி நேரம் மானும் மயிலும்தான். மாமா ஒரு மானுக்குக்கூடத் தரம் சொல்லவில்லை. எனக்கு அது புதுமையாக இருந்தது. உடம்பு சரியில்லையா என்று கேட்டேன். கன்னத்தைத் தட்டிக்கொடுத்தார்.

பிறகு, ஒரு வளைவில், உண்ணிச் செடிப் புதரிலிருந்து அது சாவகாசமாக வெளியே வந்து பாதையின் குறுக்கே நின்றது. பக்கவாட்டில் வெயில் அடித்தது. இடது பக்கம் முழுசாகத் தெரிந்தது. மாமா பழக்கியிருந்தபடி கழுத்திலிருந்து வால்வரை பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. ஓர் உண்ணிக் கடி இல்லை. முதல் தரம் என்ற சொல் என் நாக்கு நுனியில் நின்றது. மாமா முந்திச் சொல்லட்டும் என்று அவர் பக்கம் திரும்பினேன்.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். வனத்துறை ஆட்கள் மூன்று பேரில் ஒருவர்கூடப் புலியைப் பார்க்கவில்லை. மாமாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமாவின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தாமாகவே ஒன்றையொன்று தேய்த்துக்கொண்டிருந்தன. அவர் அந்தக் கையை எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். மாமாவின் கண்கள் நிறைந்திருந்தன. ஆனால் குரல், டேனரி மேசைக்கு முன்னால் நிற்கும்போது இருக்கும் அதே குரல்.

"ரெண்டாம் தரம்" என்றார். "கழுத்துல கீறல் கீது. தேறாது."

முன்னால் இருந்தவர் கொஞ்ச நேரம் மாமாவையே பார்த்தார். பிறகு சிரித்தார். நோட்டில் ஏதோ எழுதி மூடிச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, முதல் தடவையாகத் திரும்பிப் புலியைப் பார்த்தார். அது கொட்டாவி விட்டுவிட்டு எதிர்ப்புறப் புதருக்குள் போயிற்று. திரும்பும்போது அவர் எங்களுக்கு டீயும் வர்க்கியும் வாங்கிக்கொடுத்து, தன் பெண்ணும் கஞ்சி குடிக்கமாட்டாள் என்றார்.

ஊருக்கு வந்ததும் டேனரியில் எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். முதலாளி பாயும், சரக்கு வாங்க வந்திருந்த வெளியூர் வியாபாரிகளும், புலி எப்படி, என்ன தரம் என்று கேட்டார்கள். மாமா சற்றும் யோசிக்காமல் அதையே சொன்னார்: இரண்டாம் தரம், கழுத்தில் கீறல், தேறாது. அவர்கள் ஏமாற்றத்தோடு வேறு பேச்சுக்குப் போனார்கள்.

நான் பக்கத்தில் நின்று ஆமாம் என்று தலையாட்டினேன். வெயிலில் மாமாவுக்குக் கண் கூசிவிட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாகத் தரம் தவறிவிட்டார். வெளியே தெரிந்தால் அவர் வேலைக்கு ஆபத்து. அப்படித்தான் எனக்குத் தோன்றியது. அதனால் அந்தக் கழுத்தில் கீறலே இல்லை என்பதை வெகுகாலம் யாரிடமும், அவரிடமும்கூட, சொல்லாமல் காப்பாற்றினேன்.