எந்தக் கடைக் கீரையானாலும்

ஒதீலியாவின் புருஷன் துவார்த்தே போர்த்துகலின் அசோர்ஸ் தீவுகளுக்குத் திரும்பிப் போன அதே இலையுதிர் காலத்தில்தான், அமெரிக்காவில் ஃபால் ரிவர் ஊரின் மேட்டுத் தெருவுக்குக் கீழே பாழடைந்து கிடந்த பழைய நூல் மில்லுக்குள், அவளுடைய பழக்காய்கறிக் கடைக்குப் போட்டியாக, பெரிய கடை திறந்தது. இரண்டில் எது அவளை அதிகம் பாதித்தது என்று அக்கம்பக்கத்தார் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். அவளைக் கேட்டிருந்தால் இரண்டும் இல்லை என்றிருப்பாள். அது பொய்யும் இல்லை.

சண்டை ஒன்றும் நடக்கவில்லை. துவார்த்தே திரைச்சீலை தைக்கும் ஆலையில் காலமெல்லாம் உழைத்து ஓய்வு பெற்றவன். அங்கே சாவோ மிகேல் தீவில் அவன் அப்பா விட்டுப்போன வீடு பூட்டிக் கிடந்தது.

"கடைய வித்துட்டு வா, போயிரலாம். இன்னும் எத்தன வருஷம் வாசல்ல பனி அள்ளிக்கிட்டு கெடக்கிறது?" என்றான்.

"நீ முன்னால போ. பாக்கலாம்" என்றாள்.

போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் போன் வரும். அங்கே மழை என்பான். இங்கே குளிர் என்பாள். வைத்துவிடுவார்கள். ஏன் கூடப் போகவில்லை என்று அவளுக்கே தெரியாது. கடை மேல் உயிரையே வைத்திருக்கிறாள் என்று ஊர் சொன்னது. அப்படியும் இல்லை. விடியுமுன் எழுந்தால் கால் தானாக வேனுக்குப் போனது. வேன் செல்சீ மொத்தச் சந்தைக்குப் போனது. பெட்டிகளை ஏற்றினாள், கொண்டுவந்து இறக்கினாள், அடுக்கினாள். அவ்வளவுதான்.

கொதித்தவள் லூர்திஸ். துவார்த்தேயின் தங்கை, கடையில் பாதிப் பங்கு அவளுடையது. பெரிய கடை வாழைப்பழத்தைக் கொள்முதல் விலைக்கும் கீழே விற்றபோது, அட்டையைக் கிழித்து விலையை இன்னும் குறைத்து எழுதிக் கதவில் ஒட்டினாள்.

"அண்ணி, நாமளும் எறக்குவோம். எவன் முதல்ல சாயிறான்னு பாத்துருவோம்."

"நாமதான் சாய்வோம்" என்றாள் ஒதீலியா, உருளைக்கிழங்கிலிருந்து தலையைத் தூக்காமல்.

"அப்ப என்னதான் பண்ணச் சொல்ற? கைய மடியில வச்சுக்கிட்டு உக்காரவா?"

ஒதீலியா அட்டையைப் பிய்த்தெடுத்தாள். மறுநாளிலிருந்து வாழைப்பழமே வாங்கவில்லை. லூர்திஸ் தலையில் அடித்துக்கொண்டாள். வாழைப்பழம் இல்லாத பழக்கடை எங்காவது உண்டா? ஆனால் அந்த இடத்தில் ஒதீலியா அரை முட்டைக்கோஸ் வைத்தாள், கால் பூசணி வைத்தாள். ஒற்றைக் கேரட் கேட்டவர்களுக்கு ஒற்றைக் கேரட் எடுத்துக் கொடுத்தாள். பேரிக்காய் கேட்டால், "எப்பச் சாப்பிடப் போறீங்க?" என்று கேட்டு, இன்றைக்கென்றால் ஒரு பெட்டியிலிருந்தும் ஞாயிற்றுக்கிழமைக்கென்றால் வேறொரு பெட்டியிலிருந்தும் பொறுக்கிப் போட்டாள். அதில் அவளுக்கு உற்சாகம் இருந்ததாகத் தோன்றவில்லை. பல் விளக்குவதுபோலச் செய்தாள்.

அதெல்லாம் செய்தும் ஆட்கள் குறைந்தார்கள். கண்ணாடி வழியாகப் பார்த்தால் தெரியும். தெருவில் இந்தப் பக்கமாகவே நடந்து பழகியவர்கள் எதிர்ப் பக்கம் மாறி நடந்தார்கள். கையில் பெரிய கடையின் பச்சைப் பை இருக்கும். முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். லூர்திஸ் வாசலில் நின்று ஒவ்வொருவராகப் பேர் சொல்லிச் சபிப்பாள். "அந்தா போறா பாரு, நம்ம கடைல ஓசி வோக்கோசுத் தழ வாங்கியே சூப்பு வச்சவ!"

தரையெல்லாம் பனி உறைந்திருந்த ஒரு நாள், பிலொமெனா எதிர்ப் பக்கம் இரண்டு பச்சைப் பைகளோடு மேட்டில் ஏறிக்கொண்டிருந்தாள். ஒதீலியா கடை திறந்த நாளிலிருந்து வாடிக்கை. மூட்டு தேய்ந்தவள், அதே தெருவில் ஒரு மாடி வீட்டில் தனியாக இருப்பவள். இந்தப் பக்கம் பார்த்துவிடக் கூடாதே என்று நடையை எட்டிப் போட்டதில் கால் வழுக்கியது. விழவில்லை. விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

ஒதீலியா ஏப்ரனோடு தெருவைக் கடந்து போனாள். இரண்டு பைகளையும் வாங்கிக்கொண்டாள்.

"வேண்டாம்டி, விடு" என்றாள் பிலொமெனா. "பஸ்ஸு அவன் வாசல்லயே கொண்டுபோய் விடுது... அதான்..."

"தெரியும்க்கா. என் தோளப் பிடிச்சுக்கங்க. இங்க வழுக்கும்."

மாடியேறி அடுப்படி மேசையில் பைகளை வைத்தாள். ஒரு பையிலிருந்து கோவ் கீரைக்கட்டு நீட்டிக்கொண்டிருந்தது. உருளைக்கிழங்கு சூப்பில் போடும் அந்த முரட்டு இலையை முடிபோல மெல்லிசாக அரியவேண்டும். பட்டையாக அரிந்தால் எங்கள் தீவு ஆட்கள் வாயில் வைக்கமாட்டார்கள்.

"இத யாரு அரிவா?" என்றாள் ஒதீலியா.

பிலொமெனா தன் வளைந்த விரல்களைப் பார்த்தாள். "அங்க அரிஞ்சு தரமாட்டாங்க. கேட்டேன். அந்தப் பொண்ணு என்னை ஏற இறங்கப் பாத்தா."

ஒதீலியா கீரைக்கட்டை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். மேடையோரம் கையால் சுற்றுகிற கீரை மிஷின் பொருத்தியிருந்தது. இலைகளைச் சுருட்டி அதன் வாயில் கொடுத்து, கைப்பிடியைச் சுற்றினாள். கீரை மெல்லிய இழையாகக் குவிந்தது. லூர்திஸ் கட்டின் மேலிருந்த பச்சை நாடாவைப் பார்த்துவிட்டாள்.

"அண்ணி! இது அவன் கடைக் கீர!"

"ஆமா."

"அவன் கடைல வாங்குனத நம்ம மிஷின்ல அரிஞ்சு குடுக்கிறியா? உனக்கென்ன மூள கழண்டுபோச்சா? நாளைக்கு அவன் கடைத் தரையையும் போய்த் தொடச்சு வையி!"

"கீர என்ன பண்ணுச்சு?" என்றாள் ஒதீலியா. அரிந்ததைத் தாளில் சுற்றி மாடிக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

தயவு பொங்கி அவள் அதைச் செய்ததாகப் பிற்பாடு பலர் சொன்னார்கள். தந்திரக்காரி என்றும் சிலர் சொன்னார்கள். அன்றைக்கு அவள் மனதில் இரண்டும் இல்லை. கீரை அரியாமல் கிடந்தது, மிஷின் சும்மா இருந்தது.

பிலொமெனா வாய் சும்மா இருக்குமா? மாதாகோயிலில் சொல்லிவிட்டாள். அடுத்த சனிக்கிழமை இரண்டு பெண்கள் பச்சைப் பைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். ஒதீலியா கையை நீட்டி வாங்கினாள். "யாரு கடைதுன்னாலும் சரி, கொண்டாங்க." அந்தப் பேச்சு தெருவெல்லாம் பரவியது. எதிர்ப் பக்கம் நடந்தவர்கள் மறுபடி இந்தப் பக்கம் நடந்தார்கள். அரிந்து முடிகிறவரை நிற்கவேண்டும். நிற்கிறவர்கள் சும்மா நிற்பார்களா? வெங்காயம் எடுத்தார்கள், அரை முட்டைக்கோஸ் எடுத்தார்கள், சாற்றுக்கென்று ஒதுக்கி வைத்த கனிந்த தக்காளியை அள்ளினார்கள். பனிக்காலம் முடியும்போது பாதிப் பேர் கீரையையும் இங்கேயே வாங்கத் தொடங்கியிருந்தார்கள். மீதிப் பாதிப் பேர் வாங்கவில்லை. அவர்களுக்கும் அரிந்து கொடுத்தாள்.

லூர்திஸ் ஒருநாள் உர்ரென்ற முகத்தோடு தன் வீட்டில் சுட்ட இனிப்பு ரொட்டிகளைக் கொண்டுவந்து மிஷினுக்குப் பக்கத்தில் அடுக்கினாள். "நிக்கிறவங்க வாயத் தொறந்து கத பேசுறதுக்கு, எதையாச்சும் மெல்லட்டும்" என்றாள். மத்தியானத்துக்குள் ரொட்டி தீர்ந்தது. அதன்பிறகு அவள் யாரையும் சபிக்கவில்லை.

வசந்தத்தில் லூர்திஸின் மகள் கல்யாணத்துக்குத் துவார்த்தே வந்தான். வெயிலில் கறுத்திருந்தான், இளைத்திருந்தான். ஒரே கட்டிலில் ஆளுக்கொரு ஓரமாகப் படுத்தார்கள். அங்கே எலுமிச்சை நட்டிருப்பதாகச் சொன்னான். நல்லது என்றாள். கல்யாணத்தில் இருவரும் ஆடினார்கள். அவன் கை அவள் முதுகில் இருந்தது. அது யாரோ வைத்துவிட்டுப் போன கைபோல இருந்தது அவளுக்கு.

அவன் கிளம்புவதற்கு முந்தின சனிக்கிழமை கடையில் வரிசை வாசல்வரை நின்றது. ஒதீலியா குனிந்தபடி கட்டுகளை வாங்கி அரிந்துகொண்டிருந்தாள். அடுத்த கட்டுக்குக் கையை நீட்டியபோது பச்சை நாடா போட்ட கீரையை வைத்தது துவார்த்தேயின் கை. அவனும் வரிசையில் நின்றிருக்கிறான்.

"ஏன்யா, பொண்டாட்டி கடைய விட்டுட்டு அவன் கடைல போயா வாங்குன?" என்று பின்னாலிருந்து பிலொமெனா கேட்டாள். கடையே சிரித்தது.

"வேற எப்படி இவ எங்கிட்ட நின்னு பேசுவா?" என்றான் அவன்.

சிரிப்பு அடங்கியது. ஒதீலியா இலைகளைச் சுருட்டினாள்.

"நீ வரமாட்டதான?" என்றான் மெதுவாக.

"தெரியல, துவார்த்தே. நெஜமாவே தெரியல. கோவமெல்லாம் இல்ல. எதுவுமே இல்ல."

"எதுவுமே இல்லன்னா?"

"உள்ள எதுவுமே இல்ல. நீ போனப்பவும் இல்ல, வந்தப்பவும் இல்ல."

அவன் தலையாட்டினான். அவளிடமிருந்து இவ்வளவு நீளமான பேச்சை அவன் ரொம்ப நாளாகக் கேட்டதில்லை. அவள் கைப்பிடியைச் சுற்றினாள். வழக்கத்தைவிட மெல்லிசாக விழுந்தது. தாளில் சுற்றிக் கொடுத்தாள். பின்னால் நின்றவர்கள் கூரையைப் பார்த்தார்கள், வெங்காயத்தைப் பார்த்தார்கள்.

திங்கட்கிழமை அவன் விமானம் ஏறினான். ஒதீலியா பஸ் நிறுத்தம்வரை போனாள், பெட்டியைத் தூக்கிக் கொடுத்தாள், அழவில்லை. வீட்டுக்கு வந்தபோது அடுப்பில் பானை மூடியிருந்தது. சனிக்கிழமை அரிந்து கொடுத்த கீரையில் சூப்பு வைத்துவிட்டுப் போயிருக்கிறான். சூடு பண்ணினாள். எப்போதும் நின்றுகொண்டே சாப்பிடுகிறவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். உப்பு போட மறந்திருந்தான். "ஒனக்கு உப்பு எப்பத்தான் ஞாபகம் வரும்" என்று எதிர் நாற்காலியைப் பார்த்து உரக்கச் சொன்னாள். தன் குரல் தனக்கே விசித்திரமாகக் கேட்டது. உப்பைத் தூவிக்கொண்டு மறுகிண்ணமும் ஊற்றிக்கொண்டாள். பிறகு ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திராமல் போனை எடுத்து வைத்துக்கொண்டு, அவன் போய் இறங்க எவ்வளவு நேரமாகும் என்று யோசித்தபடி உட்கார்ந்திருந்தாள்.