ஒரகடத்தில் நின்ற பனிவண்டி

காலை ஒன்பது பத்து. முதலில் கண்ணில் பட்டது மஞ்சள் நிறப் பலகை ஒன்றின் வளைந்த நுனி. மரப்பெட்டியின் சட்டங்களைக் கடப்பாரையால் நெம்பி எடுத்தபோது பிளாஸ்டிக் உறையைக் கிழித்துக்கொண்டு அது வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. படகின் மூக்கு என்று நினைத்தேன். பிறகு இன்னொரு நுனி தெரிந்தது. இரண்டு சறுக்குப் பலகைகள், மோட்டார் சைக்கிளுக்கு இருப்பதுபோல ஒரு கைப்பிடி, நீண்ட இருக்கை, அடியில் சக்கரத்துக்குப் பதிலாக அகலமான ரப்பர் பட்டை. பனிமேல் ஓடும் வண்டி. ஒரகடத்தில் அது சித்திரை மாதம். பெட்டியைத் திறந்த இருவரும் கழுத்தில் ஈரத் துண்டு போட்டிருந்தார்கள்.

எங்கள் கம்பெனி மோட்டார் சைக்கிளுக்கும் லாரிக்கும் ஷாக் அப்சார்பர் செய்வது. குளிர்நாடு ஒன்றிலிருந்து பனிவண்டி செய்கிறவர்கள் தங்களுக்கும் செய்து தரக் கேட்டிருந்தார்கள். மாதிரிக்கு ஒரு வண்டியை அனுப்பியிருந்தார்கள். ஷாக்கோடு ஒரு கையேடும் தரவேண்டும்: வளைவில் வண்டி சொன்னபடி திரும்ப ஸ்பிரிங்குகளை எப்படி வைப்பது என்று. அதை ஆங்கிலத்தில் எழுதுவது என் வேலை.

நான் அதற்கு முன் ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் செய்தி திருத்துபவனாக இருந்தேன். மனைவி இறந்த பிறகு சென்னை வீட்டைக் காலி செய்து ஸ்ரீபெரும்புதூர் அருகே அடுக்குமாடி ஒன்றில் குடியேறினேன். வாடகை குறைவு. எங்கள் தளத்தில் ஆறு வீடுகள். இரண்டில்தான் விளக்கு எரியும், ஒன்று என்னுடையது. இன்னொன்றான மூன்றாம் வீட்டில் ஷிப்டு மாறி மாறிப் போகும் வடநாட்டு இளைஞர்கள் இருந்தார்கள். அவர்கள் தூங்கும் நேரமும் நான் விழித்திருக்கும் நேரமும் ஒன்று. சந்தித்தால் தலையசைப்போம். சனிக்கிழமை மாலை கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கினால் திங்கள் காலை ஏறும்வரை நான் பேசும் வார்த்தைகளை எண்ணிவிடலாம். பால், தயிர், சில்லறை இல்லை. ஞாயிறு மாலைகளில் செம்பரம்பாக்கம் ஏரிக்கரைக்குப் போவேன். குடும்பம் குடும்பமாக வந்து தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பார்கள். நானும் பார்த்துவிட்டுத் திரும்புவேன்.

ஆகவே அந்த வேலை எனக்குச் சம்பளத்துக்காக மட்டும் தேவைப்படவில்லை. சோதனைக் கூடத்தில் நாங்கள் மூன்று பேர். காஞ்சிபுரத்திலிருந்து தினமும் வந்துபோகும் பெண் இன்ஜினியர் பொறுப்பாளர். தண்டலத்துக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வரும் டெக்னீஷியன், முப்பது வயது, இரண்டு குழந்தைகளுக்கு அப்பா. பிறகு நான். மதியம் மூவரும் ஒரே மேஜையில் சாப்பிடுவோம். என் ஒப்பந்தம் இந்தக் கையேடு முடியும்வரைதான். வாடிக்கையாளர் ஏற்றுக்கொண்டால் அடுத்ததும் எனக்கு. இல்லாவிட்டால் இத்துடன் சரி. மேனேஜர் கோயம்புத்தூர்க்காரர், முதல் நாளே மரியாதையாகச் சொல்லிவிட்டார். அந்த மேஜை இல்லாமல் போவதைப் பற்றித்தான் நான் யோசித்தேன்.

புது மெஷின் எது வந்தாலும் அந்தக் கூடத்தில் பூசை உண்டு. சறுக்குப் பலகைகளுக்குச் சந்தனம், குங்குமம். ஒவ்வொரு பலகைக்கும் அடியில் ஓர் எலுமிச்சம்பழம். கற்பூரம் ஏற்றப் பாதுகாப்புப் பிரிவு விடாது என்பதால் டெக்னீஷியன் தன் கைபேசியில் டார்ச்சைப் போட்டு மூன்று சுற்றுச் சுற்றினார். நாங்கள் அதைத் தொட்டு ஒற்றிக்கொண்டோம்.

"சார், பனிசாமி வந்துட்டாரு. கேக்குறத கேட்டுக்குங்க" என்றார்.

"ஏசி கேளுப்பா, மொதல்ல" என்றார் இன்ஜினியர்.

அடுத்த நாளே அளவெடுப்பு தொடங்கியது. விஷயம் எளிது. முன்னால் உள்ள பலகைகள் பனியைக் கடித்துப் பிடிப்பதால்தான் வண்டி திரும்புகிறது. அவற்றின் மேல் போதிய பாரம் இருக்க வேண்டும். ஓட்டுபவர் உட்கார்ந்ததும் பின்பக்கம் அதிகமாக அமுங்கினால் முன்பக்கம் லேசாகிவிடும். கைப்பிடியை எவ்வளவு திருப்பினாலும் வண்டி நேரே போகும். அமுங்குவது போதாவிட்டால் முன்பக்கம் தேவைக்கு மேல் கடிக்கும், வளைவில் உலுக்கும். எனவே ஒருவர் ஏறி உட்கார வேண்டும். பின்பக்கம் எவ்வளவு இறங்குகிறது என்று அளக்க வேண்டும். ஸ்பிரிங்கை அதற்கேற்ப இறுக்க வேண்டும். பட்டைக்குள் ஒரு நாடாவும் இருக்கிறது. அதை இழுத்துக் கட்டினால் முன்பக்கம் பாரம் கூடும்.

வாடிக்கையாளர் குறித்திருந்த ஓட்டுநர் எடை எண்பது கிலோ. டெக்னீஷியன் சரியாக அந்த எடை. "வூட்டுக்காரி சமையலு சார். கம்பெனிக்கு உதவுது பாருங்க" என்றார். பலகைகள் தரையில் தேய்ந்து அளவைக் கெடுக்காமல் இருக்க, அடியில் கிரீஸ் தடவிய தகடுகள் வைத்தோம். அவர் ஏறினார், கைப்பிடியைப் பிடித்தார். இன்ஜினியர் குந்தி உட்கார்ந்து டேப் வைத்து அளவைச் சொன்னார். நான் எழுதிக்கொண்டேன். மூன்று முறை அளந்தோம். மூன்றும் ஒன்றாகவே இருந்தன. ஷாக்குகளும் படங்களும் என் வரைவும் போய்ச் சேர்ந்தன.

அந்த வாரங்களில் மதிய மேஜை கலகலப்பாக இருந்தது.

"சார், பேப்பர்ல இன்னா எழுதிக்கினு இருந்தீங்க?" என்று டெக்னீஷியன் ஒருநாள் கேட்டார்.

"மத்தவங்க எழுதினதத் திருத்துவேன்."

"அப்ப நீங்க ஒண்ணுமே எழுதல."

"தலைப்பு வைப்பேன்."

"இந்த சாம்பாருக்கு ஒரு தலைப்பு வைங்க, பாப்போம்."

நான் யோசிப்பதற்குள் இன்ஜினியர் சொன்னார்: "'பருப்பைக் காணவில்லை. உறவினர்கள் கவலை.'"

நான் வைத்திருந்தாலும் அதைவிட நன்றாக வைத்திருக்க மாட்டேன்.

பதில் வந்தபோது மேனேஜர் எங்களைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அங்கே, கோடையிலும் பனி கிடக்கும் மலைப்பக்கம் ஒன்றில், சோதனை ஓட்டம் நடந்திருந்தது. நாங்கள் சொன்னபடியே எல்லாம் வைத்து ஓட்டியிருக்கிறார்கள். இடப்பக்க வளைவில் கைப்பிடியைத் திருப்பியும் வண்டி நேரே போய் இளகிய பனியில் புதைந்துவிட்டது. ஓட்டியவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

"ஷாக்குல குறையில்லைன்னு சொல்லீட்டாங்க. கையேடுதான் சரியில்லையாம்" என்றார் மேனேஜர். என்னைப் பார்க்காமல் மேஜை மேலிருந்த பேனாவைப் பார்த்தார். "இன்னொரு தடவை தப்பாச்சுன்னா அவங்களே எழுதிக்குவாங்க. அப்புறம் இங்கெ அந்த வேலை இருக்காதுங்க சார்."

மறுபடி அளந்தோம். அதே அளவுகள். டேப்பை மாற்றினோம். தகடுகளில் புது கிரீஸ் தடவினோம். எடைக் கருவியைச் சரிபார்க்க அனுப்பினோம். ஒவ்வொரு முறையும் டெக்னீஷியன் வண்டிக்குப் பக்கத்தில் தன் பாதுகாப்பு ஷூக்களைக் கழற்றி ஜோடியாக வைத்துவிட்டு, பலகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறுவார். சந்தனப் பொட்டு வைத்த மெஷின் மேல் ஷூ காலோடு ஏறுவது அந்தக் கூடத்தில் யாருக்கும் தோன்றாத காரியம். நான்கூட அந்த வண்டியை எட்டிப் பார்க்கும்போது செருப்பைச் சற்றுத் தள்ளி விட்டுவிட்டுத்தான் போவேன். வேலையை ஒழுங்காகச் செய்கிறோம் என்பதற்கு அடையாளமாகவே அதைப் பார்த்தோம்.

அந்த வாரம் மேஜையில் பேச்சு குறைந்தது. ஞாயிற்றுக்கிழமை நான் ஏரிக்குப் போகவில்லை. என் வரைவை எடுத்துவைத்து, யாரோ ஒரு நிருபர் அனுப்பிய செய்தியைப்போலப் படித்தேன். வாக்கியத்தில் பிழை இல்லை. எண்களில் முரண் இல்லை. சாயங்காலம் மூன்றாம் வீட்டு இளைஞர்கள் குளிக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவர்கள் ஷிப்டுக்குப் போனார்கள்.

செவ்வாய்க்கிழமை வாடிக்கையாளர் சோதனை ஓட்டத்தின் வீடியோவை அனுப்பினார். இன்ஜினியரின் கணினியைச் சுற்றி நின்று பார்த்தோம். வெள்ளைத் தரை, கறுப்பு மரங்கள், தூரத்தில் மஞ்சள் வண்டி. அருகே வந்ததும் ஓட்டுபவர் தெரிந்தார். முழங்கால்வரை பூட்ஸ், உப்பிய கால்சட்டை, உப்பிய கோட்டு, முகம் மூடிய ஹெல்மெட், மார்பில் ஒரு கவசம், முதுகில் ஒரு பை.

"இன்னா மேடம், ஆளையே காணோம். துணி மூட்டை ஒண்ணு ஒக்காந்துகினு கீது" என்றார் டெக்னீஷியன்.

நான் சிரித்தேன். இன்ஜினியர் சிரிக்கவில்லை. வீடியோவை நிறுத்தினார். திரும்பி, டெக்னீஷியனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். அரைக்கைச் சட்டை, மெல்லிய பேண்ட், கீழே வெறும் பாதங்கள். அன்றைக்கும் அளவெடுக்கத் தயாராகத்தான் நின்றிருந்தார்.

"அந்த எண்பது கிலோ, ஆளோட எடையா, துணியோட சேர்த்தா?" என்று இன்ஜினியர் கேட்டார்.

யாருக்கும் தெரியவில்லை. மூவருக்கும் அப்படி ஒரு கேள்வி வந்ததே இல்லை. எங்கள் ஊரில் ஒருவர் எடை என்றால் அவர் எடைதான். துணி எவ்வளவு இருந்துவிடும்? இன்ஜினியர் அன்றே வாடிக்கையாளருக்கு எழுதிக் கேட்டார். மறுநாள் ஒரே வரியில் பதில் வந்தது. எண்பது என்பது ஆள் மட்டும். உடுப்பு, பூட்ஸ், ஹெல்மெட், பை எல்லாம் தனியே பதினொரு கிலோ. அதைச் சொல்லவேண்டும் என்று அவர்களுக்கும் தோன்றியிருக்கவில்லை. அந்தப் பதினொரு கிலோவும் இருக்கையின் மேல், பின்பக்கம்தான் இறங்கியிருந்தது.

பதினொரு கிலோவுக்கு உடுத்துவது எப்படி என்று பார்த்தோம். மணல் மூட்டையைப் பின்னால் கட்டலாம் என்றேன். "மூட்ட எங்க வேணா ஒக்காரும் சார். ஆளு அப்டி ஒக்கார மாட்டான். நா போட்டுக்கினாத்தான் கரீக்டா வரும்" என்றார் டெக்னீஷியன். கடைசியில் தீயணைப்புப் பிரிவிலிருந்து அவர்களுடைய உடுப்பையே இரவல் வாங்கினோம். பாதுகாப்பு அதிகாரி மூன்று முறை கேட்டார்: "தீ எங்க?" எங்கும் இல்லை என்று மூன்று முறையும் சொன்னோம். தடித்த கோட்டு, கால்சட்டை, கம்பூட்ஸ், ஹெல்மெட். ஸ்டோர் தராசில் வைத்தால் எடை சற்றுக் குறைந்தது. ஒரு தோள்பையில் போல்ட்டுகளைப் போட்டு ஈடுகட்டினோம்.

பூட்ஸோடு ஏறச் சொன்னபோது டெக்னீஷியன் தயங்கினார். பிறகு பழைய துணியால் பூட்ஸின் அடியைத் துடைத்தார். பலகையைத் தொட்டு ஒற்றிக்கொண்டார்.

"பனிசாமி, கோச்சுக்காத. மேடம்தான் சொன்னாங்க."

"எம்மேல போடு. எனக்கு ஏற்கெனவே நெறைய இருக்கு" என்றார் இன்ஜினியர்.

ஏறினார். பின்பக்கம் முன்பைவிட ஒரு விரற்கடை கூடுதலாக இறங்கியது. கூடத்தின் பெரிய மின்விசிறி சூடான காற்றையே தள்ளிக்கொண்டிருந்தது. அவர் தாடையிலிருந்து வியர்வை சொட்டி இருக்கையில் விழுந்தது. "சீக்கிரம் மேடம். உள்ள இட்லி வெந்துகினு கீது." இன்ஜினியர் அவசரப்படவில்லை. பின் ஸ்பிரிங்கை இறுக்கி, நாடாவை ஒரு துளை இழுத்துக் கட்டி, மறுபடி அளந்து, அவரை இறங்கி ஏறச் சொல்லி, மறுபடி அளந்தார். நான் எழுதினேன். வரைவின் முதல் பக்கத்தில் ஒரு வாக்கியம் சேர்த்தேன்: பனியில் ஓட்டும்போது அணிவதை எல்லாம் அணிந்த பிறகே வண்டியில் ஏறி அளக்கவும். அதன் கீழே, ஷாக்கில் உள்ள எண்ணெய் குளிரில் கெட்டிப்படும் என்பதால் கடைசித் திருத்தத்தை வெளியே, பனியில் நின்றே செய்யவும் என்று இன்ஜினியர் இன்னொன்று சேர்க்கச் சொன்னார்.

புது அளவுகளை அனுப்பி அங்கே ஓட்டியதில், இந்த முறை வண்டி திரும்பியது. வளைவு முழுக்கச் சொன்னபடி வந்தது என்று ஓட்டியவர் எழுதியிருந்தார். கையேட்டை ஒரு சொல்கூட மாற்றாமல் ஏற்றுக்கொண்டார்கள்.

மேனேஜர் என்னைத் தனியே கூப்பிட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். "ரொம்ப நல்லா வந்திருக்குதுங்க சார். இனி எல்லாக் கையேடும் உங்ககிட்டத்தான். வண்டியெல்லாம் இனிமேல் இங்கெ வராதுங்க, அங்கேயே அளந்து படமும் நம்பரும் அனுப்பீருவாங்க. நீங்க இந்த வெயில்ல பஸ் பிடிச்சு அலைய வேண்டாம். வீட்டுலயே உக்காந்து எழுதுங்க. லேப்டாப் நாங்க தர்றோம்."

அவர் எனக்கு நல்லது செய்வதாகவே நினைத்தார். நான் நன்றி சொன்னேன்.

மேஜையில் விஷயத்தைச் சொன்னேன். "குடுத்து வச்சவரு சார் நீங்க" என்றார் டெக்னீஷியன். "லுங்கியோட வேல. சாம்பாரும் தப்பிச்சீங்க." இன்ஜினியர் என் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். "அப்பப்ப வாங்க சார்" என்றார். வருகிறேன் என்றேன். உள்ளே வர கேட் பாஸ் வேண்டும் என்பது மூவருக்கும் தெரியும். அதை நான் அன்று மாலை ஒப்படைக்க வேண்டியிருந்தது. பிறகு அவர்கள் லாரி ஷாக் ஒன்றின் கசிவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். அது எனக்குச் சம்பந்தமில்லாத வேலை. சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவினேன்.

இரண்டாவது கையேடு பாலைவன மணலில் ஓடும் நான்கு சக்கர வண்டிக்கானது. படங்களும் எண்களும் மின்னஞ்சலில் வந்தன. எழுதி அனுப்பினேன், அதையும் ஏற்றுக்கொண்டார்கள். அந்த வண்டியை நான் பார்த்ததில்லை.